ஒரு டிஸ்கில் இரண்டு குடித்தனம்

மிஷின் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது காது மிஷினால். சாவி வெட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரு நீள அறையில் அவள் கடை வைத்திருந்தாள். ஒரு ஜன்னல் தெருவைப் பார்க்கும். இன்னொன்று பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும். காது மந்தமானவர்கள் படியேறி வருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மைப் பெயர் தெரியாது. மீதிப் பேரிடம் அவள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் காதில் அது விழவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு காது மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதே ஒன்றைக் கவனித்தாள். மற்றவர்கள் எல்லாரும் நோயாளிகளிடம் கத்திப் பேசினார்கள். கத்தக் கத்த அவர்களுக்கு இன்னும் குழம்பியது. இவள் குரலை உயர்த்தாமல், முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினாள். அவர்களுக்குப் புரிந்தது. அங்கே மிஷின் பொருத்துகிற அம்மா இவளை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் படிப்பு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மருத்துவமனை பெரிய கட்டடத்துக்கு மாறியபோது அவளுக்கு அந்த நீளமான தாழ்வாரங்கள் பிடிக்கவில்லை. தனியாக வந்துவிட்டாள்.

கடையில் மிஷினைப் பொருத்திவிட்டு "கேக்குதா?" என்று மட்டும் அவள் கேட்கவே மாட்டாள். "கேக்குதா"வுக்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள், கேட்காதவர்களும்கூட. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி, "நீங்க போட்டிருக்க செருப்பு என்ன கலர்?" என்பாள். பதில் வந்தால் சரி. குனிந்து செருப்பைப் பார்த்தாலே போதும். பதில் வராவிட்டால் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் விஷயம் இருந்தது. அந்த ஊரில் நிறையப் பேர் மாட்டியிருந்த மிஷின்கள் ஒரே கம்பெனியில் செய்தவை. கம்பெனி மூடி வெகு காலமாகிவிட்டது. ஆனால் மிஷின்கள் கல்லு மாதிரி உழைத்தன. காதில் மாட்டியபடியே குளத்தில் குதித்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடையதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த மிஷின்களுக்குள் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு புரோகிராம் வேண்டும். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதுவும் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும், ஏனென்றால் அனுமதி அந்த ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. சிடி கீறல் விழுந்து எப்போதோ போய்ச்சேர்ந்தது. புதிதாக அனுமதி கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கணவனின் தங்கைக்கு வீட்டில் "வாலு" என்று பெயர். நாற்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. வாலு பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவள். படம் எங்கே, பாடம் எங்கே, அடியில் எத்தனை வரி என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். அவள் வேலை பார்த்த அலுவலகம் இடத்தைக் காலி செய்துவிட்டு, இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அவள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒருவர் தரை மாற்றிக்கொண்டிருந்தார். இடி இடி என்று இடித்ததில் வாலு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் கடைக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் சும்மா வரவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். டிஸ்கில் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது.

"அண்ணி, இவ்வளவு இடம் சும்மா கெடக்கே. நான் பின்கட்டுல குடி வந்துக்கவா?"

"எதையும் ஒடைக்காம வந்துக்கோ" என்றாள் அக்கா.

வாலு டிஸ்கை இரண்டாகப் பிரித்தாள். முன்பாதியில் அண்ணியின் விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்பாதியில், விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸை ஏற்றித் தன் வேலைக்கான புரோகிராம்களை வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் கருப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேல் வரி வாலுவுடையது, கீழ் வரி அண்ணியுடையது. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மற்றது வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூடி, அணைத்து, மறுபடி போட வேண்டும்.

ஆரம்பத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. போகப்போகத் தெரிந்தது.

"அண்ணி, இன்னும் ரெண்டே பக்கம்."

"காலைலேர்ந்து நீ ரெண்டே பக்கம்னுதான் சொல்ற. அவர் பாவம் உக்காந்தே இருக்காரு."

உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அறிவிப்பாளராக இருப்பார். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். உயரமானவர், சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். காத்திருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய குரலை எடுப்பார்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. லினக்ஸிலிருந்து விண்டோஸ் வரை செல்லும் கம்ப்யூட்டர் காலதாமதமாகப் புறப்படும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

வாலு சிரித்துக்கொண்டே மூடுவாள். ஆனால் அக்காவுக்கு மனசுக்குள் உறுத்தும். வாலுவை அவசரப்படுத்தி வாங்கிய நேரத்தை நீட்டக் கூடாது என்று அவள் மிஷினைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி, "போதுமா பாருங்க, அடுத்த தடவை நல்லா பாத்துடலாம்" என்று அனுப்பிவைப்பாள். செருப்புக் கேள்வியெல்லாம் குறைந்துபோனது.

ஒருநாள் அது நடந்தது. வாலு அப்போது ஒரு பள்ளி நிலப்படப் புத்தகம் செய்துகொண்டிருந்தாள். ஆறுகள், மலைகள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் அடுக்கடுக்காக வரும் வேலை. சாவிக் கடையில் எதையோ வாங்கக் கீழே போயிருந்தாள். மேலே ஒரு தச்சர் காதில் விசில் அடிக்கிறது என்று வந்து நின்றார். விசில் அக்காவுக்கே கேட்டது. அவள் அவரை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கை பழகின பழக்கத்தில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டாள். "சேமிக்கவா?" என்று திரை கேட்டதை அவள் பார்க்கவே இல்லை.

வாலு மேலே வந்தபோது விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். தச்சரைப் பார்த்தாள்.

"முடிச்சுட்டுச் சொல்லுங்க அண்ணி" என்றாள்.

காலையிலிருந்து போட்ட ஆறுகள் அத்தனையும் போயிருந்தன. அவள் கத்தியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வாலு கத்தவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். அவள் அப்படித் தனியாகச் சாப்பிட்டு அக்கா பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் தன் டப்பாவோடு போய், ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான்."

"தெரியும்" என்றாள் வாலு. பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஆம்லெட்டை எடுத்து அண்ணியின் டப்பாவில் வைத்தாள். "எனக்கு ஒரு யோசனை. ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினா என்ன?"

"எப்படி?"

"கம்ப்யூட்டருக்குள்ள பொய்யா ஒரு கம்ப்யூட்டர்."

விர்ச்சுவல் மெஷின் என்று சொல்வார்கள். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அந்த ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் தனியாக ஓடும். உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் இருப்பது நிஜ உடம்பா பொய் உடம்பா என்று தெரியாது. வழக்கமாக அதற்குள் புதிதாக ஒரு விண்டோஸை ஏற்றுவார்கள். இவர்களுக்கு அது உதவாது. புரோகிராமைப் புதிதாக ஏற்ற வழியில்லை. ஆகவே டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் அதே விண்டோஸை, இருந்த இடத்திலிருந்தே, அந்த ஜன்னலுக்குள் எழுப்ப வேண்டும். முடியும் என்று வாலு எங்கேயோ படித்திருந்தாள். ஆனால் ஜாக்கிரதை என்று அங்கேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம்.

கடை விடுமுறை நாள் பிற்பகலில் உட்கார்ந்தார்கள். வாலு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்கி, மொத்த டிஸ்கையும் அதற்குக் காட்டிவிட்டு, "ஓடு" என்று அழுத்தினாள். ஜன்னல் திறந்தது. கருப்புத் திரையில் பழகிய அந்த இரண்டு வரிகள் வந்தன.

"வந்துடுச்சே!" என்றாள் அக்கா.

மேல் வரிக்குப் பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மேல் வரி தானாகவே கிளம்பிவிடும். மேல் வரி வாலுவின் லினக்ஸ். அந்த லினக்ஸ்தான் வெளியே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வாலுவுக்கு அது உறைத்தபோது கையில் டீ டம்ளர் இருந்தது.

"ஐயோ! அண்ணி, மூடுங்க! அதை மூடுங்க!"

அக்கா எதை மூடுவது என்று தெரியாமல் கண்ணை மூடினாள். வாலு டம்ளரை அவள் மடியிலேயே வைத்துவிட்டுப் பாய்ந்து மவுஸைப் பிடித்து ஜன்னலைச் சாத்தினாள். எண் கடைசியை எட்டியிருந்தது.

டீ சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆகியிருக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரே பீரோவ ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அடுக்கினா என்ன ஆகும்? நான் இங்க ஒண்ண வைப்பேன், உள்ள இருக்கவன் அதே எடத்துல வேற ஒண்ண வைப்பான். கடைசில எதுவுமே எனக்குக் கெடைக்காது. நிலப்படம், லினக்ஸ் எல்லாமே காலி."

அக்கா எழுந்து சேலையைப் பிழிந்தாள். "முதல்ல ஒரு காப்பி எடு. என் பக்கம், உன் பக்கம் ரெண்டும். அப்புறம் உன் விளையாட்டெல்லாம் வெச்சுக்கோ."

அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுப்பதிலேயே போனது. அக்காவின் பாதியில் அவளிடம் வந்த ஒவ்வொருவர் காதின் அளவும் இருந்தது. அதை விட்டு அவள் நகர மாட்டாள். காப்பி முடிந்து, திறந்து பார்த்து, அறிவிப்பாளரின் பெயர் அதற்குள் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் விளக்கை அணைத்தாள்.

அடுத்த தடவை வாலு விவரமாக வந்தாள். மொத்த டிஸ்கைக் காட்டாமல், அண்ணியின் பாதியை மட்டும் காட்டும் ஒரு சின்னக் கோப்பை உருவாக்கினாள். அதன்படி உள்ளே இருப்பவனுக்கு வாலுவின் பாதி வெறும் இருட்டாகத்தான் தெரியும். அந்த இரண்டு வரிகளும் வராது. நேராக விண்டோஸுக்குப் போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் அண்ணியின் பாதியை லினக்ஸ் தன் கையிலிருந்து விட்டுவிட வேண்டும். வாலு விடச் சொன்னாள். லினக்ஸ் மாட்டேன் என்றது. யாரோ அதற்குள் எதையோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களாம்.

"என் பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள் அக்கா.

வாலு நகத்தைக் கடித்தாள். "நான்தான் அண்ணி. என் எழுத்துரு எல்லாம் வைக்க எடம் பத்தல. உங்க பக்கத்துல ஒரு மூலைல..."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

திறந்து பார்த்தால் எழுத்துருக்களோடு பழைய புத்தகங்களின் படங்கள், அக்காவின் மகள் ஓடுகிற வீடியோ, ஒரு முழு சமையல் தொடர் எல்லாம் இருந்தன. அக்கா மூக்கின்மேல் விரல் வைத்தாள். "குடித்தனம் வந்தவ என் அலமாரிலயே புடவை அடுக்கி வெச்சிருக்கா!" என்று சொல்லிச் சிரித்தாள். வாலு தன் சாமான்களையெல்லாம் தன் பக்கத்துக்கு மாற்றினாள். லினக்ஸ் கையை விட்டது.

மறுபடி "ஓடு" என்றார்கள். டிஸ்கைத் தொட அனுமதியில்லை என்று வந்தது. அது சின்ன விஷயம். எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஓட்டிவிடலாமா என்று வாலுவுக்குக் கை துறுதுறுத்தது. போன தடவைப் பட்ட பயம் இன்னும் இருந்ததால் அந்த ஒரு பாதிக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள்.

மறுபடி ஓட்டினார்கள். ஜன்னலுக்குள் விண்டோஸ் சின்னம் வந்தது. இருவரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் நீல நிறம் ஒன்று மின்னி மறைந்தது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. சின்னம், நீலம். சின்னம், நீலம். நீலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை.

அக்கா தன் ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தாள். பிறகு அதை மெல்ல மெல்ல நகர்த்தி, நீலம் வந்த இடத்தில் நிறுத்தினாள். இருவரும் தலை முட்ட அதில் குனிந்தார்கள். கிளம்ப வேண்டிய டிஸ்கையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று விண்டோஸ் புலம்பியிருந்தது.

"அதுமேலேயே உக்காந்துட்டு அதைக் காணோம்னு தேடுதா?" என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் வேலை முடிந்து வந்தான். கையில் கிரீஸ், தோளில் பை. இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டான்:

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"சரி, நான் போய் டீ வாங்கிட்டு வரேன்" என்று அவன் வந்த வழியே இறங்கிவிட்டான்.

அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். வாலு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஃபோனில் அதைப் பற்றியே படித்தாள். இதே நீலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் சண்டையெல்லாம் எழுத்தில் இருந்தது. விஷயம் இதுதான். டிஸ்கோடு பேச விண்டோஸுக்கு ஒரு டிரைவர் வேண்டும், இடையில் நின்று மொழிபெயர்க்கும் ஆள் மாதிரி. அண்ணியின் விண்டோஸுக்கு நிஜக் கம்ப்யூட்டரின் பாஷை தெரிந்த டிரைவர் மட்டும்தான் இருந்தது. பொய் உடம்பில் பாஷை வேறு. உள்ளே போன பிறகு புது டிரைவரைக் கொடுக்க முடியாது; உள்ளேயே போக முடியவில்லையே. அதனால் நிஜமாகவே ஒரு தடவை விண்டோஸில் நுழைந்து, எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் சாதாரண டிரைவரையும் கையோடு கொடுத்துவிட்டு வர வேண்டும்.

மறுநாள் கடை திறந்ததும் வாலுவே கேட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தாள். "சேமிச்சாச்சா?" என்று அக்கா மறக்காமல் கேட்டாள். டிரைவர் ஏறியது. திரும்ப லினக்ஸுக்கு வந்து, பொய்க் கம்ப்யூட்டரின் அமைப்பிலும் அந்த டிரைவருக்குப் புரிகிற பழைய வகை டிஸ்க் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ஓட்டினாள்.

சின்னம் வந்தது. இருவரும் கைதட்டவில்லை. நீலம் வரவில்லை. திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு அக்காவின் விண்டோஸ், மேலே அவள் வைத்த கடல் படத்தோடு, ஜன்னலுக்குள் வந்து நின்றது. எழுத்தெல்லாம் பூதாகாரமாக இருந்தது, நிறமெல்லாம் வெளிறியிருந்தது. புதுசு புதுசாகக் கருவிகள் கண்டுபிடித்தேன் என்று மூலையில் அறிவித்துக்கொண்டே இருந்தது.

"பூதக் கண்ணாடி போட்டுப் பாக்கற மாதிரி இருக்கே" என்றாள் அக்கா. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

காது மிஷின் புரோகிராமைத் திறந்தாள். அது ஒரு கட்டத்தைக் காட்டியது: இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை.

வாலு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "போச்சு. இதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி. கம்பெனியே இல்ல."

அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நான் பாத்திருக்கேன்" என்றாள்.

வாலு வருவதற்கு வெகு காலம் முன்பு ஒருமுறை இடி விழுந்து கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வயர் சொருகும் கார்டு கருகிப்போனது. புது கார்டு போட்டதும் இதே கட்டம் வந்தது. அப்போது கம்பெனி இருந்தது. ஃபோனில் பேசிய பெண் வேறு எதையும் கேட்கவில்லை. அந்தக் கார்டின் நம்பரை மட்டும் கேட்டாள். கொடுத்ததும் புது அனுமதி அனுப்பினாள்.

"அந்த நம்பரப் பாத்துதான் இது ஆளை அடையாளம் வெச்சிருக்குனு நெனைக்கிறேன்" என்றாள் அக்கா. "உள்ள இருக்கறதுக்கும் ஒரு நம்பர் இருக்குமா?"

வாலு நிமிர்ந்தாள். "இருக்கு. பொய்க் கார்டுக்குப் பொய் நம்பர். நாம என்ன வேணா வெக்கலாம்!"

நிஜக் கார்டின் நம்பரைப் பார்த்து அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, வாலு அடித்தாள். அக்காவுக்கு இப்படிப் படிப்பது கைவந்த கலை. தெளிவாக, இடைவெளி விட்டு, பி-யா டி-யா என்று சந்தேகம் வராமல் படித்தாள். ஒரே நம்பரில் இரண்டு கார்டு இருந்தால் இன்டர்நெட் குழம்பும் என்று வாலு உள்ளே இருந்த கார்டின் வயரைப் பிடுங்கிவிட்டாள். அதுவும் பொய் வயர்தான்.

புரோகிராம் திறந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காதுகளின் வரிசை முழுவதும் அப்படியே இருந்தது.

கடைசியாக ஒன்று பாக்கி. காது மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி வெளியே சொருகியிருந்தது. உள்ளே இருந்த விண்டோஸுக்கு அது தெரியவில்லை. வாலு மெனுவில் தேடி, அந்தப் பெட்டியை உள்ளே அனுப்பும் இடத்தில் ஒரு டிக் போட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா மேஜை இழுப்பறையில் சோதனைக்கு வைத்திருந்த மிஷினை எடுத்துத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஒரு படி ஏற்றினாள். வாலு மூச்சு விடுவது கேட்டது.

"உனக்கு சளி புடிச்சிருக்கு" என்றாள்.

அறிவிப்பாளர் அந்த வாரமே வந்தார். இந்தத் தடவை அவர் எந்த ரயிலையும் அறிவிக்கவில்லை, முகம் வாடியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அக்கா, அவருக்கு நேராக உட்கார்ந்து.

"என் சைக்கிள் போயிடுச்சும்மா. பொண்ணு ஃபோன்ல என்னமோ கேட்டா. சரியா விழல. எப்பவும் போல சரிம்மா சரிம்மான்னுட்டேன். சைக்கிளை யாருக்காவது குடுத்துடவான்னு கேட்டிருக்கா. மறுநாள் ஆள் வந்து ஓட்டிட்டுப் போயிட்டான். நான் வாசல்ல நின்னு டாட்டா வேற காட்டினேன்."

வாலுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். "சிரிம்மா, சிரி. ஆனா இப்ப அவ நேர்ல வரா. பத்து நாள் இருக்கப் போறா. நான் எத்தனைக்கு சரின்னு சொல்றது?"

அக்கா அவருடைய மிஷினைப் பெட்டியில் மாட்டினாள். வாலு இன்னொரு திரையைச் சேர்த்து, பெட்டியை அனுப்பியது போலவே ஒரு தனிக் கீபோர்டையும் மவுஸையும் விண்டோஸுக்குள் அனுப்பிவைத்திருந்தாள். இடது பக்கத் திரையில் வாலுவின் நிலப்படம் இருந்தது. காணாமல் போன ஆறுகள் எல்லாம் திரும்ப வந்து, அவள் அவற்றுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தாள். வலது பக்கத் திரையில் அக்காவின் விண்டோஸ். யாரும் யாருக்காகவும் எதையும் மூடவில்லை.

அக்காவுக்கு அவசரம் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் அவரை முழுதாகப் பார்த்தாள். அவருக்குச் சத்தம் கேட்டது. ஆனால் வார்த்தைகளின் விளிம்பு கேட்கவில்லை. "ச"வும் "ப"வும் "த"வும் கரைந்துபோய், நடுவில் இருக்கும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் மெல்லிய சத்தங்களைக் கொஞ்சம் ஏற்றினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். கேட்டதைச் சொன்னார். வாலுவைப் பேசச் சொன்னாள். அவள் நிலப்படத்திலிருந்து ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், எந்தெந்த ஊருக்கு எந்த நடைமேடையில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்து. டம்ளரும் தட்டும் இடிக்கும் சத்தம் குத்துகிறது என்றார், அதைக் குறைத்தாள். தன் குரலே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றார். அதையும் சரி செய்தாள். நடுவில் வாலு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, வேலையைத் தொடர்ந்தாள்.

"இது என்னம்மா, சரசரன்னு?" என்று ஒரு இடத்தில் கேட்டார்.

"உங்க சட்டைக் கைதான். நீங்க கையை ஆட்டிப் பேசறீங்கல்ல."

அவர் கையை மெல்ல ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார்.

கிளம்பிப் படியிறங்கிப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்:

"கீழ சாவிக் கடைக்காரர் தன்னந்தனியா பேசிட்டிருக்காரும்மா! சாவியத் திட்டறார். 'உனக்கு என்ன கேடு, நுழைய வேண்டியதுதானே'ன்னு. எத்தனை வருஷமா அந்தப் பக்கம் போறேன், மனுஷன் ரொம்ப அமைதின்னு நெனைச்சிட்டிருந்தேன்!"

"அவர் எப்பவும் அப்படித்தான்" என்றாள் வாலு.

"எனக்குத் தெரியாதேம்மா" என்றார் அவர். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி அக்கா கேட்டதில்லை. அவர் கீழே போய் வெகுநேரம் சாவிக் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

நிலப்படப் புத்தகம் அச்சுக்குப் போனது. அக்கா தன் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக மறுபடி வரச் சொன்னாள், அவசரத்தில் அனுப்பியவர்களையெல்லாம். தச்சர் வந்தார், அவருடைய விசில் நின்றது. பக்கத்து ஊரில் இதே மிஷின்களைப் பொருத்தும் ஒருவர், தன் கம்ப்யூட்டர் உயிரை விட்டுவிட்டது, டிஸ்கும் இன்டர்நெட் கார்டும் மட்டும் மிச்சம் என்று அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் நுழைய வழியில்லாததால் வாலு லினக்ஸிலிருந்தே அந்தச் சாதாரண டிரைவரை டிஸ்கில் எழுதி, அந்த விண்டோஸையும் எழுப்பிக் கொடுத்தாள். நீலம் வந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது வரும், வந்தாதான் சரி" என்று அக்கா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

வாலுவின் வீட்டில் மேல்மாடித் தரை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அங்கே நிசப்தம். உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்கலாம். அண்ணன்கூட ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொன்னான்: "இனிமே வீட்லயே இருக்கலாம்ல, எதுக்குப் பஸ் ஏறி அலையற?"

வாலு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி குழம்புக் கரண்டியைப் பார்த்தாள்.

"அங்க எனக்கு எடம் பத்தலையே" என்றாள் வாலு.

"அலமாரில ஒரு தட்டு காலி பண்ணி வெச்சிருக்கேன். உன் சமையல் தொடரை அங்க வெச்சுக்கோ" என்றாள் அக்கா. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி, தட்டை நீட்டினான்.